பிடரிக் கோடு இடப்பக்கம் இறங்கும் ஊர்

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணனின் இளைய மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மூன்று நாட்களாக உங்கள் கடைக்கு எதிரே, மருந்துக் கடை வாசலில் நின்று உங்கள் நலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று இரண்டு முறை தும்மினீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் பல் குத்தினீர்கள். மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறீர்கள். பச்சைக் குடையோடு ஒரு பெண் நிற்கிறாளே, யார் இவள், போலீசில் சொல்லலாமா என்று நீங்கள் யோசித்திருந்தால், அது நான்தான். சொல்ல வேண்டாம்.

நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று எனக்கு ஒன்பது வயது. உங்கள் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் ஒரே படத்திலும் நீங்கள் அசைந்துவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் இரண்டு நாற்காலிகளுக்கும் பின்னால் இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன் அல்லவா, அதனால் அப்பாவின் முதுகும் உங்கள் முதுகும் இடையில் மாட்டிக்கொண்டவர்களின் பிடரியும்தான் எனக்கு மனப்பாடம். சண்டை நடந்த அன்றும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் கைக்கண்ணாடி கேட்டு வாங்கித் தன் பிடரியைப் பார்த்து, "என்னப்பா, கோடு இடப்பக்கம் இறங்குதே?" என்றார். "அண்ணன் வெட்டினா இறங்கும் சார்," என்றீர்கள் நீங்கள். "போன வாரம் இந்தத் தலைய வெட்டினது யாரு? உன் கைதான் கோணல்," என்றார் அப்பா. "உங்க கண்ணு கோணல்," என்றீர்கள். அதன்பிறகு கத்தரிக்கோலையும் சீப்பையும் துண்டில் சுற்றிக்கொண்டு, "நேரா வெட்டறவனுக்கு மரியாதை இருக்கற ஊருக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். தலைமை ஆசிரியர் முகத்தில் சோப்பு நுரையோடு உங்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மீதிச் சவரத்தை முடித்து, பிடரிக் கோட்டையும் அப்பாவே திருத்திக்கொடுத்தார். அந்தக் கோடும் இறங்கித்தான் இருந்தது. நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அதைவிட அவசரமான விஷயம் அப்பாவின் தலை. நீங்கள் போன நாளிலிருந்து அப்பா வேறு யாரையும் தன் தலையில் கை வைக்க விட்டதில்லை. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு தனக்குத்தானே வெட்டிக்கொள்கிறார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பின்மண்டையில் ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் பொட்டல். நான் பட்டம் வாங்கியபோது எடுத்த குடும்பப் படத்தில், புகைப்படக்காரர் மூன்று முறை "ஐயா கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதேதான் என்று தெரிந்ததும் என் அங்கியின் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு வைத்துவிட்டார். அந்தப் படம்தான் இப்போது கடையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியது அப்பா என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். "இந்தத் தலையோட உங்கப்பா மேடை ஏறினா நான் ஏற மாட்டேன்," என்று அம்மா அறிவித்துவிட்டாள். அம்மா ஏறாவிட்டால் நானும் ஏற மாட்டேன் என்கிறாள் அக்கா. உங்கள் நாற்காலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கடையில் கூட்டம் நின்றாலும் அதில் யாரையும் உட்கார விடமாட்டார். கேட்டால், "அது ரிப்பேர்," என்பார். பதினைந்து வருடமாக ரிப்பேர்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது சித்தப்பா. நம் குடும்பத்தில் முதல் பட்டம், முதல் ஆபீஸ் வேலை. அப்பா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு நாற்காலி குடுத்தாங்களா?" என்பதுதான். கொடுக்கவில்லை. எங்கள் நிறுவனம் ஊர் ஊராகப் போய், அலுவலகங்களிலும் நிலையங்களிலும் மக்கள் வரிசையில் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஜன்னல் வந்ததும் அமுக்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல் விலகி, மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். என்னைப் போலக் கூச்சப்படுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. யாரிடமும் பேச வேண்டாம், ஒரு முதுகுக்குப் பின்னால் நின்றால் போதும். ஆனால் அப்பாவுக்கு வருத்தம். "நான்தான் நாள் முழுக்க நிக்கறேன்னு உன்னப் படிக்க வெச்சேன். நீயும் போய் நிக்கறியே," என்றார். நான் நிற்பது வெறும் பட்டதாரியாக அல்ல, முதுகலைப் பட்டதாரியாக என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

முதலில் ஒரு மலை ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு துறைமுகம் உள்ள ஊர். இப்போது ரயிலில் ஒரு இரவு முழுக்கத் தள்ளி, நீங்கள் இருக்கும் இந்த வறண்ட சமவெளி. நம் தெருவைத் தாண்டியதும் உலகம் தலைகீழாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன். புது நோட்டு வாங்கி, 'வித்தியாசங்கள்' என்று முதல் பக்கத்தில் எழுதிக் கோடெல்லாம் போட்டேன். மலை ஊரில் வரிசையில் நின்ற பத்தாவது நிமிடத்தில் ஒருவர் பக்கவாட்டில் வந்து, "ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போயிடறேன்," என்று முன்னால் நுழைந்து, மொத்த வேலையையும் முடித்துக்கொண்டு போனார். துறைமுக ஊரில் அதே சொல், அதே சிரிப்பு, கையில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. அவரே அங்கும் வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். வேறு ஆள்தான். இரண்டு ஊரிலும் ஜன்னல் ஓரத்தில் பேனா கட்டும் நூல் இருந்தது, பேனா இல்லை. இரண்டு ஊரிலும் ஒரு அம்மா தன் பையை வரிசையில் நிற்க வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார், வரிசை நகரும்போது பின்னால் இருப்பவர் தானாகவே பையைக் காலால் தள்ளிவிட்டார். துறைமுக ஊரில் தள்ளியது நான். ஜன்னலுக்கு வெளியே தெரிவதாவது மாறும் என்று பார்த்தேன். மலையில் வெள்ளைப் பனி, துறைமுகத்தில் சாம்பல் கடல், இங்கே பழுப்புப் புழுதி. மூன்றையும் ஜன்னல் கண்ணாடியில் இருந்த அழுக்கு ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. நோட்டில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இதெல்லாம் ஆச்சரியம். அதிர்ச்சி என்பது இந்த ஊரில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பத்திரப் பதிவு அலுவலக வரிசை. எனக்கு முன்னால் ஒரு தடித்த மனிதர். நான் பிடரிகளைப் பார்க்காமல் இருக்க முடியாதவள், அது கடையில் வளர்ந்த பழக்கம். பார்த்தேன். கோடு இடப்பக்கம் இறங்கியிருந்தது. சும்மா இறங்கவில்லை சித்தப்பா, நம் தெருவில் இறங்குவது போலவே இறங்கியிருந்தது. வலது காது பக்கம் உயரத்தில் தொடங்கி, இடது காதுக்குக் கீழே ஒரு விரற்கடை தாழ்ந்து முடிகிற அந்த இறக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டிலிருந்து இத்தனை தூரம் தள்ளி, யாரென்றே தெரியாத ஒருவர் நம் கடைப் பிடரியை வைத்துக்கொண்டு நிற்கிறார்! தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். மூச்சு அவர் கழுத்தில் பட்டிருக்க வேண்டும், கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். நிறுத்துக் கடிகாரத்தை அமுக்க மறந்தே போனேன்.

"என்னம்மா, என் வீட்டுக்காரர் கழுத்துல என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். அவருடைய மனைவி. இடுப்பில் கை. "நானும் கால்மணி நேரமா பாத்துட்டிருக்கேன், கண்ண எடுக்கவே மாட்டேங்கறே?"

பயத்தில் எனக்கு உண்மைதான் வந்தது. "கோடு... இறங்கியிருக்குங்க," என்றேன்.

"எந்தக் கோடு?" என்று அந்த அம்மா கணவரின் பின்னால் வந்து பார்த்தார். இருபது வருடம் குடித்தனம் செய்தும் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் போல. "அட, ஆமா! ஏங்க, திரும்புங்க. திரும்புங்கன்னா! இப்படியேதான் ஊர் முழுக்கச் சுத்தறீங்களா? எங்க வெட்டினீங்க?"

"எப்பவும் வெட்டற எடந்தான். தம்பிகிட்ட," என்றார் அவர்.

"என் தலையும் தம்பிதான்," என்றார் முன்னால் நின்றவர், தன் பிடரியைத் தடவிக்கொண்டே. அவருடையதும் இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் இருந்தவரும் திரும்பி, "எனக்கு எப்படின்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றார். சிறிது நேரத்தில் மொத்த வரிசையும் திரும்பி நின்று, ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. அலுவலர் ஜன்னலைத் திறந்தபோது அவருக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை. "யாருக்கும் வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிவிட்டார். அன்றைய என் கணக்கில் சராசரிக் காத்திருப்பு நேரம் கண்டுபிடிக்க முடியாதது என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். என்ன விளக்குவது?

என் காதில் விழுந்தது ஒரே சொல்தான். தம்பி. எந்தத் தம்பி என்று கேட்டேன். வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை, நான் முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கவே யோசிப்பவள். தண்ணீர்த் தொட்டித் தெருவில் 'தம்பி சலூன்', ஊருக்கே அவர்தான் என்றார்கள். போனேன். தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி. சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அடுத்தது சலூன். எதிரே மருந்துக் கடை. நம் தெருவை யாரோ சுருட்டி எடுத்து வந்து இங்கே விரித்துவிட்டார்கள். தொட்டிக்குக் கீழே எந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று பார்க்காமலே ஒதுங்கினேன், அங்கேயே தேங்கியிருந்தது. பலகையில் 'தம்பி' என்ற எழுத்தைப் பார்த்தபோது எனக்கு மயக்கம் வராத குறை. அண்ணனிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்த மனிதர் வேறு என்ன பெயர் வைப்பார்?

மூன்று நாட்கள் பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போகிறது சித்தப்பா. துண்டை உதறும்போது முதலில் இடப்பக்கம் உதறுகிறீர்கள், அப்பாவும் அப்படித்தான். சீப்பை நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டுகிறீர்கள். வாடிக்கையாளர் பேச ஆரம்பித்தால் அவர் தலையை மெல்லக் குனிய வைத்துவிடுகிறீர்கள், பேச்சு நின்றுவிடுகிறது. அப்பாவின் அந்த வித்தை வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கண்ணாடி ஓரத்தில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகி வைத்திருக்கிறீர்கள். நாற்காலியைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அதே இரும்புக் கை, அதே தடித்த நான்கு கால், அதே செங்கல் நிற ரெக்சின், கிழிந்திருப்பதுகூட அதே மூலையில். நம் கடை நாற்காலிகள் இரண்டும் நீங்களும் அப்பாவும் ஒரே நாளில் சேர்ந்து போய் வாங்கியவை என்று அம்மா சொல்வாள். தேடிப்பிடித்து அதே மாதிரி இங்கேயும் வாங்கிப் போட்டிருக்கிறீர்களே, கோபக்காரர் செய்கிற வேலையா இது? எனக்குச் சிரிப்பும் வந்தது. மன்னித்துவிடுங்கள். நேராக வெட்டுகிறவனுக்கு மரியாதை இருக்கிற ஊரைத் தேடிப் போன சித்தப்பா, ஒரு ஊரையே சாய்த்து வைத்திருக்கிறீர்கள்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வந்தேன். புதன்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே வந்தது நான்தான். வரும்போது மனதுக்குள், 'சித்தப்பா, என்னைத் தெரிகிறதா?' என்று பன்னிரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படி ஏறியதும் உள்ளே இருந்த ஆறு ஆண்களும் ஒரே நேரத்தில் செய்தித்தாளை இறக்கினார்கள். கண்ணாடியில் வேறு இன்னொரு ஆறு பேர். பன்னிரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். நீங்கள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "என்னம்மா வேணும்?" என்றீர்கள்.

"மணி என்னங்க?" என்றேன்.

நீங்கள் என் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தீர்கள். ஆறு பேரும் பார்த்தார்கள். "அது ஓடலியா?" என்று கேட்டீர்கள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தமாக. "இது நிக்கற கடிகாரம்," என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்கள்தான் வாசல் வரை வந்து, "பாப்பா, குடை!" என்று கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். பாப்பா என்று சின்ன வயதில் என்னை நீங்கள்தான் கூப்பிடுவீர்கள். குடையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தேனே, அந்தக் கூச்சத்தை என்ன செய்வது? முதுகலை வரை படித்தும் போகவில்லை.

அதற்குப் பிறகு என்னோடு கணக்கெடுக்க வந்திருப்பவரை அனுப்பினேன். வகுத்தல் எல்லாம் வாயாலேயே போடுவார் என்பதால் ஆபீசில் அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர். "நீங்க முடி வெட்டிக்கற மாதிரி போய் உக்காருங்க. பேச்சோட பேச்சா சொந்த ஊர் எது, அண்ணன் இருக்காரா, ஏன் வந்தீங்கன்னு கேட்டுட்டு வாங்க," என்று மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பிடரியில் கோடு இறங்கியிருந்தது.

"என்ன சொன்னார்?"

"யாரு?"

"கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கலாம்னுதான் உக்காந்தேங்க. அந்த நாற்காலி ஒரு பக்கமா நல்லா சாஞ்சு குடுக்குது பாருங்க, அப்படியே தொட்டில்ல போட்ட மாதிரி... தூங்கிட்டேன். அவர் தட்டி எழுப்பினப்போ வேலை முடிஞ்சுபோச்சு." பிறகு கொஞ்சம் யோசித்து, "நல்ல மனுஷங்க," என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தொலைபேசி செய்து, குரலைத் தாழ்த்தி, "சித்தப்பாவக் கண்டுபிடிச்சுட்டேன்மா. இந்த ஊர்லதான் இருக்கார்," என்றேன். அம்மா, "அங்கயா?" என்றாள். மறுபடியும், "அங்கயாடி இருக்கார்?" என்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் அப்பா வந்துவிட்டார் போல, "சரி சரி, வேளைக்குச் சாப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

சித்தப்பா, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யார் கை கோணல், யார் கண் கோணல் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், எனக்குத் தெரிந்து இரண்டு பேர் கோடும் ஒரே அளவுதான் இறங்கியது. இன்று மதியம் பன்னிரண்டரை ரயிலில் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். நிலையத்தில் பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு முதல் நடைமேடையில் நிற்பேன், கூரைக்கு அடியிலும் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். நீங்களும் வாருங்கள். கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை அப்பாவின் தலையைச் சரிசெய்து கொடுத்தால் போதும். கோடு இறங்கினாலும் பரவாயில்லை, மேடையில் எல்லாரும் முன்பக்கம்தான் பார்ப்பார்கள். அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். நீங்கள் போய் நின்றால் போ என்று சொல்லவும் மாட்டார். போகச் சொல்கிறவராக இருந்தால் அந்த நாற்காலி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவரும் சித்திக்கு என் வணக்கம். அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் கைகூப்பியதற்குக் காரணம் இப்போது அவருக்குப் புரிந்திருக்கும். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இந்த அக்காவின் அன்பைச் சொல்லவும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு நெடுநாள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்,
பாப்பா

பின்குறிப்பு (தனித் தாளில்):

ஐயா, வணக்கம். இன்று காலை கடை திறக்கும் முன் உங்கள் கதவின் அடியில் தள்ளிய ஏழு பக்கக் கடிதத்தைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் அம்மா கூப்பிட்டாள். "உங்க சித்தப்பா வந்திருக்கார்டி!" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்கயா? இங்கதான், நம்ம கடையில. பழைய முகவரி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. உங்கப்பாவுக்குத் தெரியாம பத்திரிகை அனுப்பியிருந்தேன். காலையில வந்து எறங்கிட்டார்."

"அவர் இங்க இருக்காரும்மா. இப்பத்தான் கதவுக்கு அடியில லெட்டர் தள்ளிட்டு வந்தேன்."

"யாருக்குடி தள்ளின?" என்றாள் அம்மா.

எனக்கு நடைமேடை சுற்றியது. குடையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் நீங்கள் யார்? துண்டை இடப்பக்கம் உதறுகிற, பேசுகிற தலையைக் குனிய வைக்கிற, என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட நீங்கள் யார் ஐயா? மூன்று நாட்களாக நான் கைகூப்பி வணங்கிய அந்த அம்மா யார்?

அங்கே நடந்ததை அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னாள். சித்தப்பா வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "அது ரிப்பேர்," என்றாராம் அப்பா, கண்ணாடியைப் பார்த்து. "தெரியும்," என்றாராம் சித்தப்பா, அவரும் கண்ணாடியைப் பார்த்து. எழுந்து, சவரக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி நாற்காலி மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் கிண்ணத்தின் வலப்பக்கம் ஏறி நின்றதாம். அடுத்த நாற்காலியிலும் வைத்திருக்கிறார். அங்கேயும் அப்படியே. அந்த மாதிரி நாற்காலிகள் எல்லாமே நாளாக ஆக வலது பின்கால் ஒரு விரல் தாழ்ந்துவிடுமாம். உட்கார்ந்தவர் தலையும் கூடவே சாயும், எவ்வளவு நேராக வெட்டினாலும் எழுந்து நின்றால் கோடு இடப்பக்கம் இறங்கிவிடும். போன இடத்தில் வேறு நாற்காலியில் வேலை பார்த்தபோதே சித்தப்பாவுக்கு இது தெரிந்துவிட்டது. வந்து சொல்வதற்குத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. "உன் கையும் கோணல் இல்ல, என் கையும் கோணல் இல்லண்ணா," என்றாராம். அப்பா கிண்ணத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணிதான் கோணலா இருக்கு," என்றாராம். பிறகு அக்காவின் கல்யாணப் பத்திரிகையை மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில் அவரே செருகிவிட்டு, ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாராம். "மனுஷன் மாதிரி இருக்கார்டி," என்றாள் அம்மா.

இந்தத் தாளைக் கால்குலேட்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஐயா, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இந்த ஊரில் எல்லாருடைய கோடும் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது. உங்கள் கை கோணல் இல்லை. நாற்காலியின் வலது பின்காலைக் கொஞ்சம் தூக்கி, என் கடிதத்தை அடியில் செருகிவிடுங்கள். ஏழு பக்கம். நான்காக மடித்தால் சரியாக இருக்கும்.